நோன்பும் நெஞ்செரிச்சலும்



ரமளானில் நம் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு மஹல்லாக்களில் நோன்பாளிகள் பலர் முறையிடுவது நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலுமே. பழியோ நோன்பின் மீது விழுகிறது.

நோன்புக் கஞ்சி குற்றமற்றது. 2025இல் பள்ளிவாசல்களின் கஞ்சிக்கெனத் தமிழக அரசு 7,920 மெட்ரிக் டன் அரிசி ஒதுக்கியது. குழைந்த அரிசியோடு பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்கின்றன. வெந்தயத்தின் கரையும் நார்ச்சத்து நீரை ஈர்த்து மலத்தை இளக்கும். சுமார் 13 மணி நேரம் ஓய்ந்திருந்த இரைப்பைக்கு இதமான உணவு அது. உடன் வரும் சமோசாவும் வடையும்தான் வில்லங்கம்! எண்ணெய்ப் பண்டம் இரைப்பையில் நெடுநேரம் தங்கும். ஸஹர் முடித்தவுடன் படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும். பஜ்ருத் தொழுகையும் தவறும்.

உணவுக்கு வயிற்றில் மூன்றிலொரு பங்கே என நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். மீதி நீருக்கும் மூச்சுக்கும். தராவீஹுக்குப் பின் தண்ணீரைச் சிறுகச் சிறுக அருந்துங்கள். எரிச்சல் இரு வாரம் நீடித்தாலோ, மலம் கறுத்தாலோ மருத்துவரை அணுகுங்கள்.