நெஞ்சு துடிக்கிறதே, டாக்டர்!

அனுமந்தன்பட்டியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் தலைக்காயத்துடன் கொண்டுவரப்படும் பிள்ளைகளின் பெற்றோர், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: "நெஞ்சு துடிக்கிறதே டாக்டர், பிறகு எப்படி இல்லை என்கிறீர்கள்?" ஒருவர் கையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருநீறு இருக்கும், மற்றொருவர் கையில் செபமாலை இருக்கும். அது அறியாமையின் கேள்வியன்று. பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

இதயத்திற்குத் தன்னியக்கம் உண்டு. வென்டிலேட்டர் உயிர்வளி அளிக்கும்வரை அது சில காலம் துடிக்கும். உடல் சூடாகவே இருக்கும். கோமாவில் மூளையின் இயக்கம் முற்றிலும் அற்றுப்போவதில்லை, மீள்வோரும் உண்டு. மூளைச்சாவில் மூளைத்தண்டே செயலிழந்துவிடுகிறது. அதிலிருந்து எவரும் மீள்வதில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே இதனை உறுதிசெய்யும். உறுப்பு மாற்று அறுவை செய்வோர் அக்குழுவில் இடம்பெறக் கூடாது. முதற்சோதனைக்கும் இரண்டாம் சோதனைக்கும் இடைப்பட்ட அந்த மணிநேரங்களில்தான் பெற்றோர் மிகுதியாகப் பிரார்த்திக்கின்றனர். நாங்கள் அதைத் தடுப்பதில்லை. பொய் நம்பிக்கை அளிப்பதுமில்லை.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் இதே இடத்தில் நின்றார்கள். இருசக்கர வாகன விபத்தில் சிக்கிய அவர்களுடைய 15 வயது மகன் இதேந்திரனுக்கு மூளைச்சாவு உறுதியானது. அவர்கள் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். சென்னை தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவனது இதயம் 11 நிமிடங்களில் கொண்டுசெல்லப்பட்டது. போக்குவரத்துக் காவலர்கள் வழியெங்கும் சாலையை ஒழுங்குபடுத்தித் தந்தனர். அங்கே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி காத்திருந்தாள். மருத்துவர்கள் என்பதால் அவர்களுக்குத் துயரம் எளிதாயிருந்திருக்கும் என்று சிலர் எண்ணுவர். எங்கள் எண்ணம் வேறு: வென்டிலேட்டர் திரையின் ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் தெரிந்த பெற்றோருக்கு, ஒளிந்துகொள்ள ஐயம்கூட மிஞ்சுவதில்லை. (தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்லும் இளைஞரை நம் கம்பம் சாலையில் காணும்போதெல்லாம் எங்களுக்குச் சினம் வருகிறது.)

தானம் செய்ய மனமில்லாத பெற்றோரும் உண்டு. அவர்களுடைய அன்பு எவ்வகையிலும் குறைந்ததன்று. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. இசைவோர்க்கு உடல் முறையாகத் தைத்து ஒப்படைக்கப்படும். முகம் பார்ப்பதற்கோ சடங்குகளுக்கோ தடையிராது. உறுப்புதானம் செய்தோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் எனத் தமிழக அரசு 2023 செப்டம்பர் 23 அன்று அறிவித்தது. சில நாள்களிலேயே நம் சின்னமனூரைச் சேர்ந்த ஒருவருக்கு அம்மரியாதை முதன்முதலாக அளிக்கப்பட்டது.

எந்த முடிவெடுப்பினும், அதற்குமுன் பிள்ளையின் அருகே அமரக் கேளுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளலாம், பேசலாம், தலைவாரி விடலாம். பாட்டியையும் உடன்பிறந்தாரையும் அழைத்து வரலாம். செவிலியரிடம் சொன்னால் திரையை இழுத்துவிட்டு நாற்காலி போட்டுத் தருவார்.