ஆங்கிலச் சொற்களின் குடிவழி

ஆங்கிலம் பயிலும் மாணவர் பலர் சொற்பட்டியலை நெட்டுருச் செய்கின்றனர். பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே இருக்கும். சமூகம், அறிவியல், சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரைகளைப் படிக்கப் புகுந்தால் அது பாதி வழியிற் கைவிட்டுவிடும்.

'சக்செஷன்' என்னும் சொல்லைக் காண்க. வரலாற்றுப் பாடத்தில் அஃது அரசுரிமை. காட்டைப் பற்றிய கட்டுரையில் அரியணை ஏது? கைவிடப்பட்ட தோட்டத்தில் முதலில் லாலாங் புல் மண்டும். தீப்பற்றாமல் விடப்பட்டால் புதர்கள் எழும். பின்னர் மரங்கள் தலையெடுக்கும். ஓரினத்தின் இடத்தை மற்றோரினம் கைக்கொள்ளும் இவ்வரிசைக்கும் அதுவே பெயர். 'பின்வருதல்' என்னும் இலத்தீன் வேர்ப்பொருளை அறிந்தவர்க்கு இரண்டிடத்திலும் தடையில்லை. பட்டியலை மட்டும் நம்பிய மாணவரோ காட்டில் அரசனைத் தேடுவார்!

'எக்கனாமிக்ஸ்', 'ஈக்காலஜி' ஆகிய இரண்டும் ஒரு தாய் மக்கள். கிரேக்க மொழியில் 'ஓய்க்கோஸ்' என்றால் வீடு. வீட்டை நிருவகித்தல் என்னும் கருத்திலிருந்து பொருளியலின் பெயர் வந்தது. உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு, செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 1866இல் அதே வேரைக்கொண்டு பெயரிட்டார். 'மனை'யிலிருந்து 'மனைவி' பிறந்ததைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வழி புதிதன்று.

வேரும் சிலபோது ஏமாற்றும். அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் 'வெட்ட இயலாதது'. அணுவோ 20ஆம் நூற்றாண்டிற் பிளக்கப்பட்டது. ஆதலால், வேரைக்கொண்டு உய்த்துணர்ந்த பொருளை அவ்வாக்கியத்திலேயே பொருத்திப் பார்க்கச் செய்து, அதன்பின் அகராதியைப் புரட்டச் சொல்வது நலம்.