இதயத்தில் குழாய் அடைப்பும் கரண்ட் கோளாறும்

எலக்ட்ரிகல் படிக்கிறவனுக்கு இதயத்தைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்கலாம். இதயமும் ஒரு பம்புசெட்தான். அதற்குப் பைப் லைனும் உண்டு, கரண்டும் உண்டு. இரண்டும் தனித்தனியே பழுதாகும். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவும் செய்யும்.

முதலில் பைப் லைன். உடம்பு முழுக்க ரத்தம் இறைக்கும் இதயத்துக்கு, தான் உழைக்கவும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வருபவை கரோனரி குழாய்கள். உள்சுவரில் கொழுப்பு படிந்து குழாய் குறுகினால் நடக்கும்போது நெஞ்சு இறுக்கும். படிவு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு.

அடுத்தது கரண்ட். ஓய்வாக இருக்கும்போது வலது மேலறையிலிருந்து நிமிடத்துக்கு 60 முதல் 100 சிக்னல் சீராகக் கிளம்பும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகளில் 350-க்கு மேல் தாறுமாறாக ஓடும். மேலறை சுருங்காது, சும்மா நடுங்கும். நாடி தாளம் தப்பும். தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு கூடுகிறது.

இரண்டுக்கும் என்ன உறவு? ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிகரெட், வயது ஆகியவை இரண்டுக்கும் பொதுவான வேர்கள். மாரடைப்பில் கீழறை பலவீனமானால், அழுத்தம் பின்னால் ஏறி மேலறையை விரிய வைக்கும். சிக்னல் வழி மாறும். எதிர்ப்பக்கமும் உண்டு. இதயத் தசைக்குப் பெரும்பாலான ரத்தம், அது தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. படபடவென்று துடித்தால் அந்த நேரம் சுருங்கும். வேலை கூடும், வரவு குறையும். ஆனால் தாளம் தப்பியவர் எல்லோருக்கும் அடைப்பு இருக்கும் என்றில்லை. வால்வு கோளாறும் தைராய்டும்கூடக் காரணமாகலாம்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டிய எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு நோயும் உண்டு. "ரெண்டும் ரத்தத்த எளக்குற மாத்திரதானே தம்பி, ஒண்ணு போதாதா?" என்றார். ஆஸ்பிரின், குழாயில் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும். மேலறையில் தேங்கி உறைவதைத் தடுக்க அது போதாது. வார்ஃபரின், அபிக்ஸபான் போன்றவை வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். குழாய் நோய் நிலையாக இருப்பவர்களுக்கு உறைவுத் தடுப்பு மாத்திரை மட்டுமே போதும் என்று 2019-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆக, நிறுத்தக் கூடியது ஆஸ்பிரினாகவும் இருக்கலாம்! அதை டாக்டர்தான் சொல்லணும், நாம் இல்லை.

தாளக் கோளாறைக் காட்டிக்கொடுப்பது ஈ.சி.ஜி. அதைத் தந்த ஐந்தோவனுக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க, 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது.

இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களின் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். தாளம் தப்பினால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சு இறுகினாலோ, வாய் கோணினாலோ உடனே 108.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். டிப்ளமோ கைக்கு வருமுன்பே அந்த வேலை நமக்கு வந்துவிட்டது. அதை ஒழுங்காகச் செய்வோம்!