விண்மீன் இல்லாக் கோள்கள்

வானில் ஒளிர்வனவற்றை நாள்மீன், கோள்மீன் எனப் பழந்தமிழர் பகுத்து அறிந்தனர். விண்மீன் தானே ஒளிரும். கோள் அதனைச் சுற்றிவரும் என்று இன்றைய அறிவியல் அப்பகுப்பை விளக்குகிறது. ஆயின், எந்த விண்மீனையும் சுற்றாமல் தனித்து உலவும் கோள் போன்ற பொருள்களும் விண்வெளியில் உள்ளன. அவற்றை ஆராய்வோருள் குறிப்பிடத்தக்கவர், இலங்கையில் பிறந்த வானியற்பியலாளர் ரே ஜெயவர்த்தனா.

தொலைவிலுள்ள கோளை நேரே காண்பது அரிது. திருவண்ணாமலையின் உச்சியில் எரியும் கார்த்திகைத் தீபம் கீழ்பென்னாத்தூர் மக்களுக்குத் தெரியும். தீபத்தின் அருகே பறக்கும் மின்மினி தெரியாது. அதுபோல, விண்மீனின் பேரொளியில் கோள் மறைந்துவிடுகிறது. எனினும், தோன்றிச் சில மில்லியன் ஆண்டுகளே ஆன கோள், தான் உருவானபோது பெற்ற வெப்பத்தை முற்றும் இழந்திருக்காது. அவ்வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வெளிப்படும். எனவே, புவிக்கு அண்மையிலுள்ள இளம் விண்மீன்கள் அவருடைய ஆய்வுக்களமாயின.

2008ஆம் ஆண்டில் அவர் இடம்பெற்ற குழு, ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி தொலைநோக்கியால் அனுட நட்சத்திரம் இருக்கும் திசையை ஆராய்ந்தது. சுமார் 500 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனை ஒத்த இளம் விண்மீன் ஒன்றின் அருகே, வியாழனைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு நிறையுள்ள பொருளைப் படம்பிடித்தது. அவ்விரண்டும் இணைந்தே இயங்குவது 2010இல் உறுதியானது.

தனித்து உலவும் பொருள்கள் தோன்றுவதற்கு இருவழிகள் கூறப்படுகின்றன. விண்மீனைச் சுற்றிப் பிறந்து, பின்னர் வெளியே வீசப்பட்டிருக்கலாம். அல்லது விண்மீனைப்போலவே வாயுமுகில் சுருங்கித் தோன்றியிருக்கலாம். இதனை ஆராய, அவருடைய குழு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைப் பயன்படுத்தியது. கார்த்திகைக் கூட்டத்திற்குச் சற்று வடக்கே, சுமார் 1,000 ஒளியாண்டுத் தொலைவில் விண்மீன்கள் பிறக்கும் முகிலை நோக்கியது. வியாழனைப்போல் 5 முதல் 10 மடங்கு நிறையுள்ள ஆறு பொருள்களைக் கண்டறிந்ததாக 2024இல் அறிவித்தது. அவற்றுள் மிகச் சிறியதைச் சூழ்ந்து தூசுத்தட்டு ஒன்று இருந்தது. இளம் விண்மீன்களைச் சூழ்வதும் அத்தகைய தட்டே. அதிலிருந்தே கோள்கள் உருவாகின்றன. ஆகவே, அப்பொருள் விண்மீனைப்போலப் பிறந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அதனினும் சிறியவற்றைக் காணும் திறன் தொலைநோக்கிக்கு இருந்தும், அங்கு அவை தென்படவில்லை. விண்மீனைப்போலப் பிறப்பதற்குரிய கீழெல்லை அதுவாகலாம்.

நிறையால் கோளாகவும் பிறப்பால் விண்மீனாகவும் விளங்கும் இப்பொருளை எவ்வாறு அழைப்பது? நாள்மீன், கோள்மீன் என்னும் இரு சொற்களோடு மூன்றாவது சொல் ஒன்றும் தமிழுக்கு இன்று தேவைப்படுகிறது.