உங்களுக்குத் தெரியுமா? அலாய் வீலின் கீறலும் விரிசலும்
நடைபாதையின் ஓரக்கல்லில் உரசுவதால் காரின் அலாய் வீல் விளிம்பில் விழும் கீறல், பெரும்பாலும் வண்ணத்தையும் அதன் மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சையும் தாண்டி ஆழமாக இறங்குவதில்லை என்பதால், உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்தை எபாக்சிப் பசையால் நிரப்பி, மீண்டும் வண்ணம் பூசிச் சரிசெய்யத்தக்கது. விரிசலோ முற்றிலும் வேறு. இத்தகைய சக்கரங்கள் பலவற்றை வார்க்கப் பயன்படும் ஏ356 என்னும் அலுமினியக் கலவை, ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் கொண்டது. வார்த்தபின் சுமார் 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, நீரில் சட்டெனக் குளிர்வித்து, பின்னர் மிதமான வெப்பத்தில் சில மணி நேரம் வைத்திருக்கும் 'டி6' என்னும் பதப்படுத்தலே அதற்கு உறுதியைத் தருகிறது. பற்றவைப்பின் கடும் வெப்பம் அப்பதத்தை அவ்விடத்தில் குலைத்துவிடுவதால், கண்ணுக்கு மூடியதாகத் தோன்றும் விரிசல் ஓட்டத்தின்போது மீண்டும் பிளக்கக்கூடும். எனவே, விரிசல் கண்ட சக்கரத்தைப் பற்றவைக்காமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பானது.