தீக்குச்சியோடு போட்டி போடும் வைக்கோல்

பஞ்சாப் வயல்களில் புகையாகிப் போகும் வைக்கோலை அனல் மின்நிலையங்களில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்க முடியும். ஆனால் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் விதைப்புக் காலம் வந்துவிடுகிறது.

ஒரு தீப்பெட்டியின் விலை 2 ரூபாய். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த வயலைக் கோதுமைக்குத் தயார் செய்ய இதைவிட மலிவான கருவி கிடையாது. அக்டோபர், நவம்பரில் டில்லியை மூடும் புகைமூட்டத்தில் இந்த வயல் நெருப்புக்கும் பங்கு உண்டு.

விவசாயி எரிப்பதற்குக் காரணம் நெருக்கடி. நிலத்தடி நீரைக் காப்பாற்ற பஞ்சாப் அரசு 2009இல் கொண்டுவந்த சட்டம், ஜூன் 10க்கு முன் நடவு செய்வதைத் தடுத்தது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் மிஞ்சுவது இரண்டு, மூன்று வாரங்கள்தான். வயலிலோ ஏக்கருக்கு இரண்டு டன்னுக்கும் மேல் வைக்கோல். பாசுமதி வைக்கோல் மாட்டுக்குப் போய்விடும். மற்ற ரகங்களில் சிலிக்கா அதிகம் என்பதால் அதைத் தீவனமாக அங்கே யாரும் விரும்புவதில்லை.

நிலக்கரிக்குக் கூட்டாளி

இத்தனைக்கும் வைக்கோல் மோசமான எரிபொருள் அல்ல. ஒரு கிலோவை எரித்தால் 3,000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் கிடைக்கும். உலர்த்தித் தூளாக்கி அழுத்தினால், அதிலேயே உள்ள லிக்னின் சூட்டில் இளகிப் பசையாகிவிடும். சுண்டுவிரல் பருமனில் வருவது பெல்லெட். அதைவிடப் பெரிய கட்டிகளும் உண்டு. குஜராத்தில் நிலக்கடலைத் தோலில் செய்யும் கட்டிகளுக்கு 'வெள்ளை நிலக்கரி' என்றே பெயர். ஆலைகளின் கொதிகலன்களில் அவை எரிகின்றன.

தேசிய அனல் மின் கழகம் 2017இல் தன் தாத்ரி நிலையத்தில் பெல்லெட்டை நிலக்கரியோடு கலந்து எரித்துக் காட்டியது. திறந்த வயலில் எரியும்போது புகை அப்படியே காற்றில் கலக்கிறது. மின்நிலையத்தில் அது தூசு பிடிக்கும் சாதனங்களைக் கடந்துதான் வெளியேற வேண்டும். வைக்கோல் எரியும்போது வரும் கரியமில வாயுவும், அந்தப் பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

கலப்பதற்கு ஓர் அளவு உண்டு. வைக்கோலில் உள்ள பொட்டாசியத்தாலும் குளோரினாலும் சாம்பல் குறைந்த சூட்டிலேயே இளகிக் கொதிகலன் குழாய்களில் ஒட்டும், அவற்றை அரிக்கும். சாதாரண பெல்லெட் என்றால் 5 முதல் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். காற்றில்லாமல் 250-300 டிகிரியில் வறுத்த பெல்லெட் நிலக்கரி போலவே எளிதில் நொறுங்கும். அதைக் கூடுதலாகக் கலக்கலாம்.

மத்திய மின் அமைச்சகம் 2021 அக்டோபரில், 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று மின்நிலையங்களுக்கு உத்தரவிட்டது. போதிய பெல்லெட் கிடைக்கவில்லை. 2023இல் கெடு 2024-25க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

யார் அள்ளுவது?

ஆலைக்கு வருடம் முழுவதும் வைக்கோல் வேண்டும். ஆனால் அதைச் சேகரிக்கக் கிடைப்பது இருபது, இருபத்தைந்து நாட்கள். அதற்குள் வாரிக் கூட்ட வேண்டும், இயந்திரத்தில் கட்டு கட்ட வேண்டும், கிடங்கில் அடுக்க வேண்டும். எடை குறைவு, இடமோ அதிகம்; லாரி நிரம்பினாலும் பாரம் ஏறாது. மழை பட்டால் மக்கும், பொறி பட்டால் கிடங்கே போய்விடும். மண் ஒட்டிய வைக்கோல் பெல்லெட் அச்சுகளைத் தேய்த்துவிடும். போட்ட பணத்தை எடுக்கவோ பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

வைக்கோலை எரித்தால் அபராதம் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அரசு அதை இரட்டிப்பாக்கியது: 2 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் 5,000 ரூபாய், 5 ஏக்கருக்கு மேல் 30,000 ரூபாய். அபராதத்தால் பயம் வரலாம். கட்டு கட்டும் இயந்திரம் வராது. சிறு விவசாயியின் முறை வருவதற்குள் விதைப்பு நாள் கடந்துவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

எல்லா வைக்கோலும் கொதிகலனுக்குப் போக வேண்டும் என்பதில்லை. வயலை விட்டுப் போகும் ஒவ்வொரு டன்னோடும் மண்ணின் சத்தும் போகிறது. வைக்கோலை வயலிலேயே விட்டுக் கோதுமை விதைக்க 'ஹேப்பி சீடர்' இயந்திரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாத வயல்களுக்கு வழி ஒன்றுதான். பெல்லெட்டுக்கு மின்நிலையம் தரும் விலை, வைக்கோலை அள்ளுபவருக்கும் கட்டுப்படியாக வேண்டும். இயந்திரமும் அக்டோபரிலேயே வயலுக்கு வந்துவிட வேண்டும். நவம்பர் கடைசியில் வந்தால் அள்ளுவதற்குச் சாம்பல்தான் இருக்கும்.