இசைத்தட்டில் விரல் வைத்த வாலிபர்

ஓடுகிற இசைத்தட்டின் மேல் விரல் படக்கூடாது. கீறல் விழும், ஊசி கெட்டுவிடும். மைக் செட் தொழிலில் முதல் பாடமே இதுதான். அந்தப் பாடத்தை மீறிய ஒரு வாலிபரால்தான் அமெரிக்காவில் "ஹிப் ஹாப்" இசையின் முதல் பெரிய குழுக்களில் ஒன்று உருவானது.

அவர் பெயர் ஜோசப் சாட்லர். 1958-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி பார்படோஸ் தீவில் பிறந்தவர். குடும்பம் நியூயார்க் வந்து பிராங்க்ஸ் பகுதியில் குடியேறியது. தந்தை இசைத்தட்டு சேர்ப்பவர். மகன் தொட்டால் அடி விழும். மகன் தொடாமலும் இருக்கவில்லை! பிறகு தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். குப்பையில் கிடந்த ரேடியோக்களையும், கேட்பாரற்று நின்ற கார்களையும் குடைந்து சாமான் எடுத்து, சொந்தமாக ஒலிபெருக்கிச் செட் சேர்த்தார்.

கொக்கி போட்ட மின்சாரம்

அன்றைய தெற்கு பிராங்க்ஸ் பரிதாபமான இடம். குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு விரைவுச் சாலை போயிருந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டு வந்தன. வாடகை தேறாத கட்டடத்துக்குத் தீ வைத்து இன்ஷூரன்ஸ் பணம் வாங்கிய சொந்தக்காரர்களும் உண்டு. கிளப்புக்குப் போகக் காசில்லாத பிள்ளைகள் பூங்காவில் கூடினார்கள். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டால் கச்சேரி தயார்!

இதற்கு வழி காட்டியவர் ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்பதை அவர் கவனித்தார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை வைத்து, அந்தத் துண்டை மாற்றி மாற்றிப் போட்டார். ஆனால் ஊசியைக் குத்துமதிப்பாக வைத்ததால் தாளம் தப்பியது.

சாட்லர் இதைக் கணக்காகவே போட்டுவிட்டார். தாளம் தொடங்கும் இடத்தில் தட்டின் மேலேயே மெழுகுப் பென்சிலால் கோடு. ஒரு தட்டு ஓடும்போது மற்றதை விரலால் பின்னோக்கிச் சுழற்றி, கோடு பழைய இடத்துக்கு வந்ததும் விட்டுவிடுவார். அடுத்த தட்டைத் தான் மட்டும் முன்கூட்டிக் கேட்க ஒரு சுவிட்சும் செய்துகொண்டார். கை வேகத்தைப் பார்த்து "பிளாஷ்" என்ற பெயர் நிலைத்தது. "கிராண்ட்மாஸ்டர்" பின்னால் சேர்ந்தது.

வித்தையை முதலில் காட்டியபோது என்ன நடந்தது தெரியுமா? யாரும் ஆடவில்லை. வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தை ஆட வைக்க ஓர் ஆள் பேச வேண்டும் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை வசப்படுத்திய முதல் ஆள் "கவ்பாய்" எனப்பட்ட கீத் விக்கின்ஸ். பட்டாளத்துக்குப் போகும் நண்பரைக் கேலி செய்ய, சிப்பாய்களின் அணிவகுப்பு நடையில் இவர் சொன்ன சொல்தான் "ஹிப் ஹாப்" என்பார்கள். அடுத்து மெல்லி மெல், கிட் கிரியோல் என்ற சகோதரர்கள் வந்தார்கள். பிறகு ஸ்கார்பியோ, ரஹீம். இந்த ஐவர்தான் "பியூரியஸ் பைவ்". ஒருவர் விட்ட வரியை அடுத்தவர் பிடிக்கும் வேகம் வேறு யாருக்கும் வரவில்லை. 1976-லேயே மால்கம் எக்ஸ் கொல்லப்பட்ட ஆடுபான் மண்டபத்தில் பிளாஷ் கச்சேரி நடத்தினார்.

தட்டு போட அழைத்தபோது மட்டும் அவர் மறுத்துவிட்டார். இன்னொருவர் பாட்டின் மேல் பேசுவதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். 1979-ல் "சுகர்ஹில் கேங்" என்ற, தெருக் கச்சேரியில் பெயர் பெறாத குழு தட்டு போட்டுச் சக்கைப்போடு போட்டது! பிறகு இவர்களும் போட்டார்கள். 1980-ல் சில்வியா ராபின்சனின் "சுகர் ஹில்" கம்பெனியில் சேர்ந்தார்கள்.

குரல் யாருடையது?

1982-ல் "தி மெசேஜ்" வந்தது. ஏழைத் தெருவின் நெருக்கடியைச் சொன்ன பாட்டு. எழுதத் தொடங்கியவர் கம்பெனியின் வாத்தியக்காரர் எட் பிளெச்சர். ஆட வந்தவனிடம் அழுகையா என்று குழுவினர் தயங்கினார்கள். மெல்லி மெல் மட்டும் இறங்கினார். 1979-ல் தாம் பாடிய ஒரு பகுதியையே கடைசிச் சரணமாக வைத்தார். ஆக, பாடிய குரல்கள் இரண்டே. பிளாஷின் கைவேலை அதில் இல்லை. தட்டின் உறையிலோ முதல் பெயர் அவருடையது! படம் எடுத்தபோது பிளெச்சரின் வரிகளுக்கு ரஹீம் வாயசைத்தார்.

மனக்கசப்பு வளர்ந்தது. 1983-ல் ராயல்டி கேட்டு பிளாஷ் கோர்ட்டுக்குப் போனார். குழு இரண்டாக உடைந்தது. கிட் கிரியோலும் ரஹீமும் அவருடன் வெளியேறினார்கள். மெல்லி மெல், ஸ்கார்பியோ, கவ்பாய் கம்பெனியில் தங்கினார்கள். 1987-ல் ஒரு தர்மக் கச்சேரிக்காக மீண்டும் கூடி, மறு ஆண்டு ஒரு ஆல்பமும் வெளியிட்டார்கள்.

2007-ல் "ராக் அண்ட் ரோல்" புகழ்க் கூடத்தில் இடம் பெற்ற முதல் ஹிப் ஹாப் குழு இவர்களுடையதுதான். முதலில் மைக்கைப் பிடித்த கவ்பாய் அதைப் பார்க்க இல்லை. 1989-லேயே காலமாகிவிட்டார்.